நீ சொல்லாமல் போன குளம்

என் பாசமான மச்சானுக்கு,

கடலூர் ஆபீசுல உன் நாற்காலியில இன்னும் யாரும் உக்காரல. நான் ஒருநாள் உக்காந்து பாத்தேன், சரிப்பட்டு வரல.

சிதம்பரத்துல கோயிலுக்குப் பின்னால வீடு கட்டணும்னு வசந்தா அக்கா வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? மண்ணைப் பாத்து அஸ்திவாரம் எப்படிப் போடணும்னு சொல்லச் சொல்லி நம்ம கன்சல்டன்சியைத் தேடி வந்தாங்க. "அந்த எடத்த நானே பாத்துக்கறேன்"னு சொன்ன. அடுத்த வாரமே மாரடைப்பு. போயிட்ட.

மனையோட முன்பக்கம் பழைய கொட்டகை நின்னுது. அதனால பின்பக்கம் மட்டும் துளை போட்டு மண்ணை எடுத்துப் பாத்தோம். நல்ல மண்ணு. அதை நம்பி டிசைன் கொடுத்தோம். இப்ப வீட்டோட முன்பக்கம் எறங்குது, வாசக்கதவு சாத்த வரல. அக்கா திட்டக்கூட இல்ல. "ஒங்க மச்சான் இருந்திருந்தா இப்படி ஆவுமா?"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

அப்புறம் அவுங்களே பிரபுவைக் கூட்டிட்டு வந்தாங்க. ஆமா, அதே பிரபுதான். உன்கிட்ட தொழில் கத்துக்கிட்டு நம்ம ஆபீசுக்கு எதிர்லயே போர்டு மாட்டினவன். வாசல்ல நின்னு பாத்த உடனே சொன்னான்: "முன்பாதி குளமா இருந்த எடம் சார் இது. மண்ணைக் கொட்டித் தூத்துட்டாங்க. நான் ஒங்க ஆபீசுல இருந்தப்ப அண்ணன்தான் ஒருநாள் வண்டியில கூட்டிட்டு வந்து காட்டுனாரு."

எனக்கு வந்த ஆத்திரம் அவன் மேல இல்ல, உன் மேல. அவன் ஒருத்தன் பிரிஞ்சு போயிட்டான்னு எங்க எல்லார்கிட்டயும் வாயை மூடிக்கிட்டியே. "சொல்லிக் கொடுத்தா நாளைக்கு இவனும் போர்டு மாட்டுவான்"னு நீ சொல்லிச் சொல்லி, ஆபீசே அப்படி ஆயிடுச்சு. சைட்டுல பாத்ததப் பக்கத்து மேசைக்காரன்கிட்டகூட எவனும் சொல்றதில்ல. எனக்குமா சொல்லக்கூடாது மச்சான்?

அக்கா வீட்டைச் சரி பண்ண முடியுமான்னு கேட்டா, பிரபுவும் உதட்டைப் பிதுக்கறான். நமக்குப் புது வேலையும் வரல. சிதம்பரத்துல யாரும் நம்ம போனையே எடுக்கறதில்ல. உன் தங்கச்சி தெனமும் உன் படத்துக்குப் பூ வெக்கிறா. நான் அந்தப் பக்கமே பாக்கறதில்ல. கோவம்னு நெனைக்காத, பாத்தா அழுதுடுவேன்.

இந்த மாசத்தோட நம்ம போர்டை எறக்கறேன். மிச்சம் இருக்கிற ரெண்டு இன்ஜினியருங்களையும் பிரபுகிட்டயே சேத்துவிடறேன், சத்தியமா. நீ எங்களுக்குச் சொல்லாதத அவன் சொல்லட்டும். அவனுக்கு மட்டுந்தானே நீ சொன்ன.

உன் தங்கச்சி புருஷன்,
குமரன்