சீமாட்டியின் பின்னங்கால்

மார்ச் 4, செவ்வாய்

லாயக்காரர் இன்று சொல்லிவிட்டார். முட்டி வலியோடு இத்தனை குதிரைகளுக்கும் வைக்கோல் சுமக்க முடியவில்லையாம், லாயத்தைச் சின்னதாக்கப் போகிறாராம். நான் ஏறும் குதிரை சீமாட்டியை விற்கிறார். நான் சேணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"நீ வாங்கிக்கிறதா இருந்தா முதல்ல உனக்குத்தாம்மா. இல்லேன்னா தடை தாண்டுற போட்டிக்குக் குதிரை வேணும்னு ஒருத்தர் கேட்டுட்டே இருக்காரு. மாசக் கடைசிக்குள்ள சொல்லு. நீ வாங்கினா இங்கயே கட்டிக்கலாம்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கீழே விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தபின் குதிரைப் பக்கமே போவதில்லை என்றிருந்தவள் நான். அது வேறொரு குதிரை, நாயைக் கண்டு மிரண்டு என்னைத் தூக்கிப் போட்டது. என்னை மறுபடி ஏற வைத்தது இந்தச் சீமாட்டிதான். ஏறுவதற்குள் எனக்குக் கால் வெடவெடக்கும். 'நீ நிதானமா வா, எனக்கொண்ணும் அவசரமில்ல' என்று அவள் பாட்டுக்கு நிற்பாள்.

நாற்பத்தேழு வயதில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறவளுக்குக் குதிரை எதற்கு? தெரியாது. வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 6, வியாழன்

சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் தாம் தூம் என்று குதிப்பார் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து, "டாக்டர் பாத்தாச்சா?" என்றார்.

"யார?"

"குதிரையத்தான். பழைய ஸ்கூட்டர் வாங்கினப்பவே அடியில படுத்துப் பாத்தவன் நான். இது மூச்சு விடுற வண்டி. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு கூடக் காட்டாது."

பஸ் டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படித்தான். எதை வாங்கினாலும் அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் பழகியவளை யாரோ வந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பதா?

"நான் பாத்துட்டேன். நல்லாத்தான் இருக்கா."

"நீ பாக்குற பார்வையே வேற." பிறகு குரலை இறக்கிக்கொண்டார். "உனக்குக் கை கட்டுல இருந்தப்ப தலை பின்னிவிடக் கத்துக்கிட்டவன் நான். ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்திருந்தது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. இன்னொரு தடவை என்னால முடியாதும்மா."

சரி என்றேன். டாக்டர் நல்லபடியாகச் சொன்னால் மறுபேச்சு பேச மாட்டாராம்.

மார்ச் 8, சனி

கால்நடை மருத்துவர் செவ்வாய் காலை வருகிறார். பெண். போனில் எடுத்த எடுப்பில் கேட்டார், "குதிரைய வச்சு என்ன செய்யப் போறீங்க?"

"ஏறத்தான்" என்றேன். அந்தப் பக்கம் சிரிப்பு.

"ஏறி என்ன செய்யப் போறீங்கன்னு யோசிச்சு வைங்க. அதுக்கேத்த மாதிரிதான் நான் பாக்க முடியும். இன்னொண்ணு, நான் வர்ற வரைக்கும் அவள கொட்டில்ல இருந்து வெளிய எடுக்காதீங்க. ராத்திரி நின்னவ நின்னபடியே இருக்கணும்."

மார்ச் 10, திங்கள்

ஒரு விஷயம் உறுத்துகிறது. காலையில் வெளியே வரும்போது சீமாட்டி முதல் சில அடிகளை மரக்கட்டை மாதிரி எடுத்து வைப்பாள். இடது பின்னங்கால். கொஞ்ச தூரம் நடந்ததும் சரியாகிவிடும். ராத்திரியெல்லாம் நின்றால் யாருக்குத்தான் பிடித்துக்கொள்ளாது? எனக்குப் படுத்து எழுந்தாலே பிடித்துக்கொள்கிறது. இதைப் போய் டாக்டர் பெரிதுபண்ணிவிட்டால்? வேண்டவே வேண்டாம் என்று இவர் ஒற்றைக்காலில் நிற்பார்.

மார்ச் 11, செவ்வாய்

மானம் போச்சு.

இவருக்கு முன்னால் கிளம்பி லாயத்துக்குப் போனேன். சீமாட்டியை வெளியே எடுத்து, முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடத்தினேன், கொஞ்சம் ஓடவும் விட்டேன். கால் இளகி, நடை பட்டுப்போல ஆகிவிட்டது. துவாலையால் வியர்வையை ஒற்றி எடுத்து, மறுபடி கொட்டிலில் விட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி வாசலில் நின்றேன். இவரும் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

டாக்டர் குள்ளம். குரல் மட்டும் கணீரென்று இருந்தது. சீமாட்டியின் முன்னங்கால்களுக்கு நடுவே கையை விட்டவர் எடுக்கவே இல்லை. எல்லா இடத்தையும் துடைத்தவள் அந்த இடத்து வியர்வையை விட்டிருக்கிறேன்!

"அம்மணி எங்கயோ போயிட்டு வந்திருக்காங்களே?"

லாயக்காரர் ரெண்டு கையையும் தூக்கிவிட்டார். "சத்தியமா நான் இல்லீங்க டாக்டர்." மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"விக்கிறவங்க இந்த வேலை பண்ணி நிறையப் பாத்திருக்கேன்" என்றார் டாக்டர். "வாங்குறவங்க பண்ணி இன்னைக்குத்தான் பாக்குறேன். என்னையக் கூப்பிட்டதே நீங்கதானே?" திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. சிரித்துவிட்டார். ஞாயிறு மறுபடி வருகிறேன் என்று பெட்டியை மூடினார்.

திரும்பி வரும்போது சிக்னலில் இவர் கேட்டார். "லைசென்சுக்காக கண் டெஸ்ட் எழுத்துப் பலகைய மனப்பாடம் பண்ணிட்டு உன் கடைக்கு வர்றாங்கன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பியே. அவங்களுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?"

பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தபடியே, "என்னைய ஏமாத்திடலாம். உன் எலும்ப எப்படிம்மா ஏமாத்துவ?" என்றார்.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன். சீமாட்டிக்காகப் பண்றதா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவளுக்கு வலிச்சிருந்தா? வலிக்குதான்னு கேக்க வந்தவங்க முன்னாடி அவ வாயையே பொத்தி வச்சிருக்கேன் — நானா? எனக்கே என்னப் பிடிக்கல.

மார்ச் 13, வியாழன்

பேசுகிறார். உப்பு வேணுமா, தண்ணி வேணுமா என்ற அளவில்.

மார்ச் 15, சனி

"நாளைக்கு நீங்களும் வந்து காவலுக்கு நில்லுங்க. உங்களுக்கு முன்னால நான் லாயத்துல காலே வைக்க மாட்டேன்" என்றேன்.

"காவலுக்கெல்லாம் வர மாட்டேன்" என்றார். எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. பிறகு, "கூட வேணா வர்றேன்" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

முறையாக எழுத முயற்சி செய்கிறேன்.

இருட்டுக் கொட்டிலில் வைத்துக் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார் டாக்டர். என் தொழிலாயிற்றே, நானும் எட்டிப் பார்த்தேன். "இது தெளிவா, அது தெளிவான்னு உங்க ஆளுங்ககிட்ட கேக்கலாம். இவ பதில் சொல்ல மாட்டா, நாமளேதான் பாத்துக்கணும்" என்று கருவியை என்னிடமே கொடுத்துக் காட்டினார். இரண்டு கண்ணும் சுத்தம். இதயம் சுத்தம், ஓடுவதற்கு முன்னும் பின்னும். குளம்புகளைக் கிடுக்கியால் அழுத்திப் பார்த்தபோது சீமாட்டி கொட்டாவி விட்டாள்.

அப்புறம் கால்கள். ஒவ்வொரு காலாக மடக்கிக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடித்திருந்து, விட்டதும் கெட்டித் தரையில் ஓட விட வேண்டும். மூட்டில் கோளாறு இருந்தால் அந்த முதல் எட்டுகளில் தெரிந்துவிடுமாம். முன்னங்கால் இரண்டும் பாஸ். வலது பின்னங்கால் பாஸ். இடதை மடக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கண்ணத் தொறந்து பாரு" என்றார் இவர்.

பார்த்தேன். சீமாட்டி நொண்டினாள். இடுப்பு ஒவ்வொரு எட்டுக்கும் ஏறி இறங்கியது.

அங்கேயே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் சொன்னார். "பின்னங்கால் மூட்டுல தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு. தாண்டவே கூடாது. சரிவான எறக்கத்துல ஆளச் சுமந்து எறங்கக் கூடாது. சமதரையில நடக்கலாம், மெதுவா ஓடலாம். ஆனா தினமும் நடந்தே ஆகணும். நிக்க வச்சா இறுகிடும். இப்ப சொல்லுங்க, இவள வச்சு என்ன செய்யப் போறீங்க?"

இந்தத் தடவை பதில் தயாராக இருந்தது. "மெதுவாப் போகணும் டாக்டர். அவ்வளவுதான். எனக்கு எதையும் தாண்ட வேண்டாம்."

"அப்ப உங்களுக்கு ஏத்தவதான்."

இவர் தொண்டையைச் செருமினார். "தடுக்கி விழுமா?"

"முன்னங்கால் நல்லாருக்கு, கண்ணு நல்லாருக்கு. சொன்னபடி நடத்தினா பயப்பட ஒண்ணுமில்ல. விழவே விழாதுன்னு எந்தக் குதிரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க உங்க பஸ்ஸுக்குப் போடுவீங்களா?"

இவர் சிரித்தார். எத்தனை நாளாயிற்று! வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது சொன்னார், "வாங்கிக்கோ. ஆனா எறக்கம் வந்தா எறங்கிடணும்."

"சரி."

"சரின்னு சொல்றது சுலபம்."

அதுவும் சரிதான். போன செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என் 'சரி'க்கு இந்த வீட்டில் என்ன மதிப்பு?

மார்ச் 18, செவ்வாய்

தாண்டுற குதிரை கேட்டவரிடம் லாயக்காரர் காலைப் பற்றிச் சொல்லிவிட்டாராம். அவர் வேண்டாம் என்று விலகிவிட்டார். சீமாட்டி என்னுடையவள்.

இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். சீமாட்டி என்னுடையவள்.

ஏப்ரல் 9, புதன்

தினமும் கடை திறப்பதற்கு முன் நடை. முதல் எட்டுகள் இன்னும் கட்டைதான், ஆனால் சீக்கிரம் இளகுகிறது. இன்று ஒரு வாடிக்கையாளர், "மேடம், தலையில வைக்கோல்" என்றார். எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு அவர் கண்ணைப் பார்த்தேன். தூக்கம் சொக்குகிறது, உடம்பெல்லாம் வலி, ஆனால் மனசு பாட்டுப் பாடுகிறது.

இவர் லாயம் பக்கம் வருவதில்லை. கேட்டால் ஷிஃப்ட் என்கிறார்.

மே 4, ஞாயிறு

இன்று வந்தார். டியூட்டி முடிந்த கையோடு, சொல்லாமல் கொள்ளாமல். நான் அப்போது கால்வாய்க்கரைப் பாதையில் சீமாட்டி மேல் வந்துகொண்டிருந்தேன். கரையிலிருந்து சாலைக்கு இறங்கும் இடத்தில், கீழே, பஸ் செக்கர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை. சின்னச் சரிவுதான். கீழே புல்லைப் பார்த்துவிட்டுச் சீமாட்டி காதை நிமிர்த்திக்கொண்டு தயாராக இருந்தாள். ஒரு நிமிஷ வேலை. நான் பாட்டுக்கு நிறுத்தி, இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நடந்து இறங்கினேன். பாதி வழியில்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எறங்குறியான்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார்.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு." கடிவாளத்துக்குக் கையை நீட்டினார்.

லாயம் வரைக்கும் அவர்தான் பிடித்து வந்தார். சீமாட்டி அவருடைய யூனிஃபார்ம் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்ன இவளுக்கு மூக்கு இப்படி ஒழுகுது?" என்று வழியெல்லாம் கேட்டார். அது சாதாரணந்தாங்க என்றால் நம்பவில்லை. நாளைக்கு அவரே டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்கப் போகிறாராம்.