பாகத்தில் பிரிந்த சிடி டிரைவ்

12-11-2003, புதன்.

லேப்டாப் இன்று செத்துவிட்டது. சேலை வியாபாரத்துக்கு ஊர் ஊராகக் கொண்டுபோக வசதியாக இருக்கும் என்று வாங்கிய சின்ன லேப்டாப். அதற்குள் சிடி டிரைவ் கிடையாது. தனியாக வயரில் மாட்ட வேண்டும். தம்பி சேகரும் நானும் பாகம் பிரித்த அன்று, பெரியவர்கள் அவற்றை இரண்டு பொருளாக எழுதினார்கள். லேப்டாப் எனக்கு, டிரைவ் அவனுக்கு. படித்தவன் நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

உள்ளே கடகடவென்று சத்தம் வர ஆரம்பித்தபோதே ரிப்பேர் கடைக்காரர் சொன்னார்: "ஹார்டுடிஸ்க் போய்கினு இருக்குது சார். ஜல்தியா சிடில காப்பி எடுத்துடுங்க." அடுத்த தெருவில் இருக்கும் சேகர் வீட்டுக்குப் போக எனக்கு இருபது நாள் ஆயிற்று.

இன்று காலை போனேன். உடனே எடுத்து வந்து கொடுத்தான்.

"இதுக்குப் போயி இத்தினி நாளாண்ணா? ஒரு போன் பண்ணியிருந்தா நானே எடுத்துகினு வந்திருப்பேனே. என்னா காப்பி பண்ணணும்?"

"சேலை டிசைன்" என்றேன். என் மனைவி விமலாவின் கடைசி வருஷப் படங்கள் என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் சாவுக்கு அவன் மூன்றாம் நாள்தான் வந்தான்.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். திரை கறுப்பாகவே இருந்தது. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "போன வாரம் வந்திருந்தா எடுத்திருக்கலாம் சார்" என்றார்.

டிரைவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். போனால், எல்லாம் வந்துவிட்டதா என்று கேட்பான். இல்லை என்றால், டிசைன்தானே, மறுபடி வரைந்துகொள்ளலாம் என்பான்.