ஓங்கல் சீட்டு

மேற்குத் தாம்பரம்
11-2-1968

அன்புள்ள அமலிக்கு,

கார்டு கிடைத்தது. சனிக்கிழமை வருகிறேன். அதுவரை செத்த ஓங்கலை, எங்கள் புத்தகத்து டால்ஃபினை, மணலில் புதைத்து, மேலே ஒரு குச்சி நட்டு வைக்க அண்ணாவிடம் சொல். போன தடவை குச்சி இல்லாமல் பாதிக் கடற்கரையைத் தோண்டினேன்.

இண்டர்மீடியட்டில் ஒரே ஹாஸ்டல் ரூமில் அடித்துக்கொண்ட நம்மை ஓங்கல் வந்து சேர்த்து வைக்கும் என்று யார் நினைத்தது! நீ கோவளத்தில் சர்ச் பள்ளிக்கூட டீச்சர், நான் இங்கே காலேஜில் ஸுவாலஜி.

இந்த நைலான் வலை வந்த பிறகு எத்தனை ஓங்கல் சிக்கி மூச்சுமுட்டிச் சாகிறது என்று எனக்குத் தெரிந்து யாரும் எழுதி வைக்கவில்லை. நான் எழுதப் போகிறேன். அதுதான் என் டாக்டர் பட்டம். தட்சிணாமூர்த்தி சார் ரிடையர் ஆவதற்குள் முடித்தாக வேண்டும். அவர் போய்விட்டால் நாற்பது வயதுப் பொம்பளைக்கு யார் கைடாக வருவார்கள்?

உன் அண்ணா ஏசுதாசன், தன் வலையில் செத்த ஓங்கலுக்கு என்ன கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார். எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் ஒரு நன்றிச் சீட்டு அடித்திருக்கிறேன். கொண்டுவந்தவர் பெயர், தேதி, நீளம், ஆணா பெண்ணா, கீழே என் கையெழுத்து, துறையின் வட்ட முத்திரை. கொடுக்கட்டுமா?

காலேஜில் ஓங்கல் எலும்பு வேகவைத்துவிட்டு வந்தால் அம்மா வாசலிலேயே என் தலையில் ஒரு குடம் தண்ணீர் கொட்டித்தான் உள்ளே விடுகிறாள். பம்மல் பக்கம் தோல் பதனிடுகிற நாற்றம் காலனி முழுக்க வீசும், அதற்கு யாரும் வாய் திறப்பதில்லை. என் புடவைக்கு மட்டும் மூக்கைப் பொத்துகிறார்கள். அலுப்பாக இருக்கிறது, போ.

உன்
நாகு


கோவளம்
3-9-1968

மரியே வாழ்க!

என் கண்ணு நாகுவுக்கு,

உன் சீட்டு பண்ணுகிற கூத்தைக் கேள். அண்ணன் அதற்குக் கண்ணாடி போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். "நம்ம பேரு காலேஜ் முத்திரையோட கீது பாத்தியா தங்கச்சி" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார். பக்கத்து வீட்டு லாசரஸ் இரண்டு வாங்கிவிட்டார். அதிலிருந்து அண்ணனுக்கு மூஞ்சியே சரியில்லை.

போன மாதம் மட்டும் நாலு ஓங்கல். முன்பெல்லாம் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். நைலான் பொல்லாத வலைதான், நீ சொன்னது சரி.

ஒரே ரூமில் இரண்டு வகுப்பை வைத்து மேய்க்கிறேன். தொண்டை போய்விட்டது. அதனால்தான் பேசாமல் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முத்தங்களுடன்
அமலராணி


மேற்குத் தாம்பரம்
20-1-1970

அன்புள்ள அமலி,

முப்பத்தொரு ஓங்கல்! தட்சிணாமூர்த்தி சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதை யாராலம்மா நம்பாமல் இருக்க முடியும்" என்றார். நாலு அத்தியாயம் டைப் ஆகிவிட்டது. ஏப்ரலில் கொடுத்துவிடுவேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் உன் பெயர் இருக்கும், வேண்டாம் என்று பிகு பண்ணாதே.

ஒரே ஒரு சந்தேகம். கடைசியாக, தோல் அழுகுவதற்குள் தோண்டி எடுத்த ஐந்திலும் வாலைச் சுற்றிக் கயிற்றுத் தடம் இருக்கிறது. தோல் உரிந்து ரத்தம் கட்டியிருக்கிறது. செத்த உடம்பில் அப்படிக் கட்டாதே. அண்ணாவிடம் கேட்டு எழுது.

நாகு


கோவளம்
26-1-1970

நாகு,

கேட்க வேண்டியதில்லை. எனக்கு இரண்டு மாதமாகத் தெரியும்.

டிசம்பர் தொடக்கத்தில், அட்வென்ட் முதல் வாரம், காலையில் அண்ணன் கட்டுமரம் கரையேறியது. பின்னால் கயிற்றில் ஓங்கல். கிட்டே போனேன். புஸ்ஸென்று என் கால்மேல் மூச்சு விட்டது. "அண்ணே, உயிரோடு இருக்கிறதே!" என்று கத்தினேன். அவர் சிரித்தபடி, "காலேஜ் அக்கா சனிக்கெளமதான வர்றாங்க. அதுக்குள்ள செத்துடும், கவலப்படாதே" என்றார்.

எங்கள் அப்பா காலத்தில் உயிரோடு மாட்டினால் வலையை அறுத்து விட்டுவிடுவார்கள். கரைக்குக் கொண்டுவரவே மாட்டார்கள். இப்போதும் அப்படித்தான் இருந்தார்கள், உன் சீட்டு வரும்வரை. உனக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்துக் கொண்டுவருகிறார்கள். விட்டுவிட்டால் நீ எதற்கு வருவாய், சீட்டு எப்படிக் கிடைக்கும்?

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். உன் படிப்பு முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகும் மூன்று. நான் பாவி.

அமலி


கோவளம்
2-5-1970

நாகு,

ஈஸ்டருக்கு ஒரு கார்டு போட்டேன். பதில் இல்லை. நீ கோபித்துக்கொள்ள நியாயம் இருக்கிறது.

வீடு வீடாகப் போய்ச் சீட்டு வைத்திருக்கிறவர்களையெல்லாம் கேட்டுவிட்டேன். ஒருவரும் மறைக்கவில்லை. தப்பு என்றே அவர்களுக்குத் தெரியாதே, அதனால் பெருமையாகச் சொன்னார்கள். முப்பத்தொன்றில் வலையிலேயே செத்தது பன்னிரண்டு. மற்ற பத்தொன்பதும் உயிரோடு வந்தவை. தேதி, பெயர் எல்லாம் இத்துடன் இருக்கிறது.

அண்ணனிடம் மட்டும் முழுசாகச் சொன்னேன். இதனால் உன் படிப்பு என்ன ஆகும் என்பதையும் சொன்னேன். "அப்பா இருந்தா செருப்பாலயே அட்சிருப்பாரு" என்றார். புதன்கிழமை ஒரு தாய் ஓங்கல் மாட்டியிருக்கிறது. பக்கத்திலேயே குட்டி சுற்றிச் சுற்றி வந்ததாம். வலையை அறுத்து விட்டுவிட்டார். ஆள் நுழைகிற ஓட்டை. புஷ்பம் அண்ணி தைக்கத் தைக்கத் திட்டுகிறாள். லாசரஸ் சிரிக்கிறார், அவர் இன்னும் கொண்டுவரத்தான் செய்கிறார்.

நேற்று அண்ணன் என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "விட்டதுக்கு அக்கா சீட்டு தருவாங்களா?" உன்னிடம் எழுதிக் கேட்கிறேன் என்றேன்.

அமலராணி


மேற்குத் தாம்பரம்
19-5-1970

அமலி,

கோபம் இல்லை என்று எழுதத்தான் பலமுறை உட்கார்ந்தேன். பொய்யாக இருந்தது, கிழித்துப்போட்டேன். உன்மேல் கோபம் இருந்தது. கொஞ்சம் இன்னும் இருக்கிறது. என்மேல் இருப்பதுதான் தூங்க விடவில்லை. சீட்டு உன் யோசனை இல்லையே.

டைப் அடித்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். "நீ சொல்லாவிட்டால் யாருக்கும்மா தெரியும்" என்று தட்சிணாமூர்த்தி சார் இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். போன வாரம் ரிடையர் ஆகிவிட்டார், மாலை போட்டு அனுப்பினோம். பன்னிரண்டை வைத்து யாரும் பட்டம் தர மாட்டார்கள். ஜூனில் மறுபடியும் பி.யூ.சி. பெண்களுக்குத் தவளை அறுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அம்மாவுக்குச் சந்தோஷம், குடம் தண்ணீர் மிச்சம்.

லாசரஸிடம் இனி சீட்டே கிடையாது என்று சொல்லிவிடு. அச்சடித்த மிச்சத்தை அடுப்பில் போட்டேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். வெயில் தணிந்ததும் வருகிறேன், சும்மாதான். இத்துடன் இருப்பதை அண்ணாவிடம் கொடு.

நாகு

நன்றிச் சீட்டு
பெயர்: ஏசுதாசன், கோவளம்
தேதி: 29-4-1970
நீளம்: அளக்கவில்லை
ஆணா, பெண்ணா: பெண். கூடக் குட்டி ஒன்று
இருக்குமிடம்: கடல்

நாகலக்ஷ்மி
(முத்திரை)