ஆறாவது புத்தியில்லாத கன்னிகை

என் உயிரான லில்லி அக்கா,

உன் மகள் ஷீபாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது! நேற்று சாயங்காலம், தாம்பரத்தில் நம் கோயிலிலேயே, உனக்கு நடந்த அதே பீடத்தின் முன்னால். வாய் வலிக்க ஊரெல்லாம் சொல்லியாயிற்று. உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வருமா?

பத்துக் கன்னிகைகள் உவமையைப் போதகர் ஐயா பிரசங்கிக்கும்போதெல்லாம் என் தொடையைக் கிள்ளுவாயே, நினைவிருக்கிறதா? மணவாளனை எதிர்கொள்ளப் போன பத்துப் பேரில் ஐந்து பேரிடம் தீவட்டிக்கு எண்ணெய் போதவில்லை. கேட்டதற்கு மற்ற ஐவரும், கொடுத்தால் இரு பக்கத்தாருக்கும் போதாது, போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள். வாங்கப் போனவர்கள் திரும்புவதற்குள் கல்யாண வீட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். "இன்னா புத்திசாலிங்கடி இவளுங்க? கல்யாணத்துல கொஞ்சம் எண்ணெய் குடுத்தா கொறைஞ்சா பூடும்? லேட்டா வந்த மாப்பிள்ளையை ஒருத்தரும் கேக்கல பாரு!" என்று காதில் முணுமுணுப்பாய். நான் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பேன்.

நேற்று நம் மாப்பிள்ளையும் தாமதம். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை என்பதை இரண்டு வீட்டாரும் மறந்துவிட்டோம். சைதாப்பேட்டையிலிருந்து கிளம்பிய வேன் சந்தைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. ஏழு மணிக்கு மேல் தாலி கட்டவைக்கச் சட்டத்தில் இடமில்லை என்று ஐயா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக வேன் வந்தது. ஷீபா சிரித்தாள். ஆர்கன் தொடங்கியது. உடனே கரண்ட் போய்விட்டது.

ஜெனரேட்டர் இருந்தது அக்கா. டீசல்தான் இல்லை. வாங்கிவைக்கும் பொறுப்பு யாருடையது? சாட்சாத் என்னுடையதேதான்! பூ, கேக், பிரியாணி எல்லாம் நினைவிருந்தது, இது மட்டும் இல்லை. அந்த ஐவரோடு ஆறாவதாக நானும் சேர்ந்துகொண்டேன். மெழுகுவர்த்தி ஏற்றினோம். கண் ஆபரேஷன் ஆன ஐயாவால் அந்த வெளிச்சத்தில் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. ஆராதனையைப் படிக்காமல் நடத்தவும் மாட்டேன் என்கிறார். மாப்பிள்ளையின் அத்தை, "இன்னைக்கு வேணாம்னு ஆண்டவரே சொல்றாரோ என்னவோ" என்றார். ஷீபாவின் கண் கலங்கிவிட்டது.

பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். எதிரே கரீம் பாயின் ஃபர்னிச்சர் கடையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"பாய், கொஞ்சம் டீசல் குடுங்க பாய், கல்யாணம் நின்னுடும்!"

"கேன் காலிக்கா. மிஷின்ல கீறதுதான்" என்றவர், கட்டில் பார்க்க வந்திருந்த குடும்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஜெனரேட்டரை அணைத்துவிட்டார். "நம்ம லில்லியக்கா பொண்ணு கல்யாணம் நிக்கலாமா? இருட்டுல கெடந்தா கட்டிலு எழுந்து ஓடிப் பூடாது." ட்யூப் போட்டு இருந்ததையெல்லாம் இறக்கிக் கொடுத்தார்.

கோயில் முழுக்க விளக்கெரிந்தது அக்கா! ஏழு அடிப்பதற்குள் தாலி ஏறிவிட்டது. ஐயா ஜெபத்தில் கிறிஸ்து மணவாளன், சபை மணவாட்டி, பரலோகத்தில் கலியாண விருந்து என்று உருகிக்கொண்டே போனார். நான் மட்டும் கண்ணை மூடவில்லை. திறந்திருந்த வாசல் வழியாக எதிரே இருட்டுக் கடை தெரிந்தது. படியில் நின்று பாய் எங்கள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரு பக்கத்தாருக்கும் போதாது என்று அந்தக் கன்னிகைகள் சொன்னது சரிதான். அதனால் அவர் முழுவதையும் கொடுத்துவிட்டார். அழுதேவிட்டேன்.

வெளியே வந்ததும் உன் மகள் என்ன செய்தாள் தெரியுமா? காரில் ஏறாமல் மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். "மாமா, நீங்க வராம நான் சாப்பிட உக்கார மாட்டேன்." அப்படியே உன் பிடிவாதம். முதல் பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் பாய்தான். பிரியாணி போட்டதும் அவர் மச்சான்தான்!

இனி நம் கோயிலில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் டீசல் என் பொறுப்பு. எதிர்க்கடைக்கும் சேர்த்தே வாங்கிவைப்பேன், இது சத்தியம். ஆனாலும் என் மறதி உனக்குத் தெரியாதா? நீ இருக்கும் பரலோகத்தில் நடக்கப்போகும் அந்தப் பெரிய விருந்துக்கும் நான் தாமதமாக, எண்ணெய் இல்லாமல்தான் வந்து நிற்பேன். நீ கதவுக்குப் பக்கத்திலேயே இரு அக்கா. யார் சொன்னாலும் சாத்தவிடாதே.

வழியெல்லாம் உன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே வரப்போகும்
உன் தங்கை டெய்சி