வலது தொடையில் மூன்று சாயம்

குமாரபாளையம்
பவ வருஷம், புரட்டாசி 3

சௌபாக்கியவதி தெய்வநாயகிக்குச் சண்முகவேல் ஆசையுடன் எழுதுவது. இங்கே பெரியவர்கள் முதல் கன்றுக்குட்டி வரை எல்லோரும் சௌக்கியம். என் வலது தொடையைப் பற்றித்தான் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. கடிதம் நீளம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

லீவுக்கு வந்தபோது பரீட்சைக்காக என் தொடையில் தசைகளை வரைந்து படித்தாயே, அந்தச் சாயம் இன்னும் போகவில்லை. போன தடவை இந்தத் தொடைப் பாடத்தில்தான் தவறினேன் என்று நீ அழுததைப் பார்க்கப் பொறுக்காமல், பட்டறையில் கைக்குக் கிடைத்த சாயக் கிண்ணங்களை எடுத்து வந்து கொடுத்தவன் நான்தான். அது சேலைக்குப் போடுகிற கெட்டிச் சாயம் என்பது அப்போது புத்தியில் உறைக்கவில்லை. அரப்புத் தேய்த்தேன், சவுக்காரம் போட்டேன். தோல்தான் எரிந்தது. முன்தொடையில் நாலு தலைத் தசை செக்கச்செவேல் என்று இருக்கிறது. இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் குறுக்கே இறங்குகிற தையற்காரத் தசை நீலம். உள்தொடையில் லாங்கஸ், பிரெவிஸ், மேக்னஸ் என்று அண்ணன் தம்பி போல மூன்று பேர், பச்சை. பார் தெய்வு, எனக்கே பாடமாகிவிட்டது!

நீ ரயிலேறிய அந்த வாரமே வினை வந்தது. காவிரியில் குளிக்கும்போது சித்தப்பா மகன் சின்னண்ணன் பார்த்துவிட்டான். நான் ஈர வேட்டியை இழுத்துக் கட்டுவதற்குள் கரையேறிப் போய்விட்டான். பொழுது சாய்வதற்குள் பாவடித் தெரு முழுக்க ஒரே பேச்சு. டாக்டருக்குப் படிக்கிறவள் புருஷன் தொடையில் மூன்று நிறத்தில் யந்திரம் எழுதிவிட்டுப் போயிருக்கிறாளாம். இனிமேல் அவன் பெற்றவர்களை மறந்து அவள் சொன்னபடிதான் ஆடுவானாம்.

அம்மா அழுதுகொண்டே வந்தார்கள். "எஞ் சாமி, உன்னைய என்னடா பண்ணிப்போட்டா அவ? வேட்டியத் தூக்குடா" என்றார்கள். காட்டினேன். பாடம், பரீட்சை, தசை என்று என்ன சொல்லியும் காதில் ஏறவில்லை. "படிச்சது போதும், பொட்டியக் கட்டிக்கிட்டு வரச் சொல்லிக் கடுதாசி போடு" என்றார்கள். அப்பாவும் வாய் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தால் அது சம்மதம் என்று உனக்கே தெரியும். உண்மையில் பயந்துபோனேன். உனக்கு உடனே எழுதாததும் அதனால்தான். படிப்பில் இருக்கிறவளை எதற்குக் கலக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் அம்மா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் போனேன். "மிதியை அழுத்திக்கிட்டே முட்டிக்கு மேல தொட்டுப் பாருங்க, கெட்டியாகுதுங்களா? அதுதான் இந்தச் சிவப்பு" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் கை போயிற்று. அழுத்தினார்கள், விட்டார்கள், மறுபடி அழுத்தினார்கள். "அட, ஆமாண்டா!" என்று சிரித்தேவிட்டார்கள். உடனே அடுத்த கேள்வி, பச்சை எதற்கு என்று. இரண்டு தொடையையும் ஒன்றாகச் சேர்க்கிற தசை என்றேன். அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. "நம்ம பொன்னாயிக்கு அங்கதாண்டா நோவு" என்றார்கள்.

எதிர்வீட்டு மருதாசலம் பெண்சாதி பொன்னாயிதான். சுளுக்கு என்று சொல்லிக்கொண்டு பல நாளாக மூலையில் சுருண்டு கிடந்திருக்கிறாள். வைத்தியரிடம் காட்ட மாட்டேன் என்றுவிட்டாள். கட்டினவனிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா போய் அவளைத் தாங்கிக் கூட்டி வந்தார்கள். என்னைப் பாயில் உட்கார வைத்து, தொடையை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் பாவுத்துணியால் மூடினார்கள்.  பொன்னாயி ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எடுத்து, என் தொடையில் பச்சையின் மேல் பாகத்தில் வைத்தாள். "இங்கதானுங்க. உள்ள நெருப்பு வெச்ச மாதிரி இருக்குதுங்க. காலை நீட்ட முடியலீங்க. பொழுதானா குளிர் தூக்கிப் போடுதுங்க" என்றாள். தன் உடம்பைப் பற்றிச் சொல்ல வராதது என் காலைக் காட்டிச் சொல்ல வந்தது.

குளிர்காய்ச்சலோடு வருகிற வலியைச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது என்று நீ ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அப்போதே பரிசலேறி அக்கரை போய், பஸ் பிடித்து ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் முன்னால் வேட்டியை ஒதுக்கினேன். யார் போட்டது என்று கேட்டார். என் மனைவி, பட்டணத்தில் டாக்டருக்குப் படிக்கிறாள் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கம்பவுண்டர் ஓடி வந்துவிட்டார். பொன்னாயி குச்சி வைத்த இடத்தைக் காட்டி, குளிரையும் அவள் கூச்சத்தையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. உள்ளே ஆழத்தில் சீழ் கட்டியிருக்கும் போலிருக்கிறது, தாமதிக்காமல் கூட்டி வாருங்கள், மயக்கம் கொடுக்கிற வரை நர்சுகள் மட்டும்தான் பக்கத்தில் இருப்பார்கள் என்றார்.

பொன்னாயி வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். பரிசல் துறைக்குப் போகக் கட்டிய வண்டியில் அம்மா ஏறி உட்கார்ந்துகொண்டு, "நீ ஏறாட்டி நான் எறங்க மாட்டேன், உங்கூட்டுக்கும் எங்கூட்டுக்கும் இன்னிக்கு அடுப்பு எரியாது" என்று சொல்லிவிட்டார்கள். மருதாசலம் அவளைத் தூக்கி அம்மா மடியில் படுக்க வைத்தான். ஆற்றில் தண்ணீர் அதிகம். பரிசல் சுற்றியபோதெல்லாம் அம்மா அவள் தலையைப் பிடித்துக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் கீறிவிட்டார். ஒரு செம்பு சீழ் வந்ததாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். நேற்று வீடு வந்துவிட்டாள். காய்ச்சல் இல்லை. காலை மெல்ல நீட்டுகிறாள். கொள்ளுப்பருப்பு கேட்டு மருதாசலத்தை விரட்டுகிறாள்.

டாக்டர் உனக்கு ஒரு சேதி சொல்லியனுப்பினார். படம் நன்றாக இருக்கிறது, ஆனால் லாங்கஸ் இன்னும் சற்று மேலே தொடங்க வேண்டுமாம். நீ ஏன் அங்கேயே நிறுத்திவிட்டாய் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லவில்லை. பரீட்சையில் கூச்சப்படாமல் மேலேயிருந்தே எழுது.

இப்போது தெருப் பெண்கள் ஒவ்வொருவராக அம்மாவோடு வந்து என் காலைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். தறியில் பாதி நாள் வேலை ஓடுவதில்லை. எனக்குத் தொடை மட்டும்தான் தெரியும் என்றால், "அடுத்த லீவுக்கு இடுப்பையும் எழுதிட்டுப் போகச் சொல்லுங்க" என்கிறார்கள். சின்னண்ணன் பெண்சாதியும் வந்தாள். சின்னண்ணன்தான் என்னைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறான்.

அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவ ஊட்டை நெனைக்க வேண்டாம். பரீட்சையில தவறுனா மறுபடியும் எழுதட்டும். முழுசாப் படிச்சு முடிச்சுட்டுத்தான் வரணும்." இதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்துபோய் உனக்கென்று அரிசி முறுக்குக்கு மாவு இடிக்கச் சொன்னார். மேல்வீட்டுச் செட்டியார் ஜவுளி மூட்டையோடு பட்டணம் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறோம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கண் விழித்துப் படிக்காதே. மாரியம்மன் உன் கைக்கும் வாக்குக்கும் துணையிருக்கட்டும். பரீட்சை முடிந்ததும் எந்த வண்டியில் வருகிறாய் என்று ஒரு கார்டு போடு. நேரமில்லாவிட்டால் பாதகமில்லை. சங்ககிரி ஸ்டேஷனில் காலை வண்டிக்கும் நிற்பேன், சாயங்கால வண்டிக்கும் நிற்பேன்.

இப்படிக்கு
உன்
சண்முகவேல்