தேக்குக் கதவுக்கு வெள்ளை பெயிண்ட்

ஜூன் 12, வியாழன்

ஜோகுபாளையம் பங்களாவை ரிப்பேர் செய்யலாம், ஆனால் அந்தப் பழைய தேக்குக் கதவைத் தொடக் கூடாது என்று அண்ணனிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். இன்று ஆபீஸ் விட்டுப் போனால், பெயிண்டர் அதற்கு வெள்ளை எனாமல் அடித்துக்கொண்டிருக்கிறார்; அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"யாரைக் கேட்டு அடிக்கச் சொன்ன? அப்பா வீடு எனக்கும்தான்."

"தினமும் தூசியில நிக்கிறவன் நான். நீ சனிக்கிழமை வந்து பாத்துட்டுப் போறவ" என்றான் அண்ணன்.

சுருக்கென்றது. டர்பன்டைனில் துணியை நனைத்து, அவன் கண்ணெதிரிலேயே துடைத்தேன். கீழ்ப்பாதியில் மரம் தெரிந்தது. மேல்பாதி காய்ந்துவிட்டிருந்தது.

"நாளைக்கு மறுபடி அடிப்பேன்டி!"

"அடி. நானும் வரேன்."

லீவு சொல்லிவிட்டேன். விரலெல்லாம் எரிகிறது. இதற்குமேல் பேனா பிடிக்க முடியவில்லை.