வாடகை பெறுநர் யார்?

மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணி 10 நிமிடம். அரசுப் பதிவேட்டின்படி இந்த நிமிடத்தில் எனக்குச் சொந்த வீடு ஒன்று, அதில் மாடியும் சேர்த்து ஏழு அறை, குடித்தனக்காரர் ஒருவர், அவருக்கு மனைவி ஒருவர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் ஒரு மாதமாக ஓவர்லோடு. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன், இல்லையென்றால் அம்மாவிடம் சொல்லாதே, என்னிடம் சொல். மேலே எழுதியதைப் பார்த்துவிட்டு எங்கப்பா வீடு வாங்கிட்டார் என்று தோழிகளிடம் கிளம்பிவிடாதே. வாங்கவில்லை. ஒரு படிவத்தைத் தப்பாக நிரப்பினேன், அவ்வளவுதான். உன் கடிதத்துக்கு மூன்று வாரமாகப் பதில் போடாததற்கும் அதுதான் காரணம். விடுதியை விட்டு வாடகை அறைக்குப் போகிறேன், அறைக்காரம்மா ஆறு பக்கத்துக்கு ஒப்பந்தம் நீட்டுகிறார், கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது போடாதே. இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு யோசி.

நம் வீட்டுக்காரர் ஆணி மாமாவை உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, எட்டு வயதில் அந்தப் பெயரை வைத்ததே நீதான். நில அளவைத் துறையில் முப்பது வருடம் ஊரார் நிலத்தை அளந்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகு அளக்க நிலம் இல்லாததால் நம் சுவரை அளக்கிறார். இப்போதும் மாதத்தின் முதல் ஞாயிறு டார்ச்சும் கையுமாக மாடியிலிருந்து இறங்கி, கதவைத் தட்டாமல் நேரே உள்ளே வந்து, ஆணி எண்ணிவிட்டுத்தான் போவார். போன மாதம் வரைக்கும் ஆறு. அம்மா தன் நோயாளிகளுக்குத் தோள் பயிற்சிக் கயிறு மாட்ட ஒரே ஒரு கொக்கி கேட்டு நான்கு வருடம் ஆகிறது, பாவம் அவர்கள் ஜன்னல் கம்பியில் துண்டைக் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் பிப்ரவரி மாதம் எண்ணி முடித்ததும் ஏப்ரல் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணிவிடுங்கள் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, சொந்தத்துக்குத் தேவைப்படுகிறது என்று சொல்லிவிட்டு டார்ச்சை அணைத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு வீடு எங்கே இருந்தாலும் ஒன்றுதான், லிஃப்ட் இன்ஜினியருக்கு வேலை லிஃப்டுக்குள்ளே. அம்மாவுக்கு அப்படி இல்லை. முன்னறையில் அந்த ஒரு கட்டிலைப் போட்டு ஒன்பது வருடமாக அவள் நிமிர்த்திய முதுகும் மடக்கிய முழங்காலும் இந்த இரண்டு தெருவுக்குள்தான் நடமாடுகின்றன. பிசியோதெரபிஸ்ட் தரைத்தளத்தில்தான் இருக்க முடியும், முழங்கால் மடங்காதவரை மூன்றாவது மாடிக்கு வந்து வைத்தியம் பார்த்துக்கொள் என்பது நீச்சல் தெரியாதவனைக் கிணற்றுக்குள் குதித்து வந்து கற்றுக்கொள் என்பது மாதிரி. நானும் அவளும் பதினொரு வீடு பார்த்தோம். தரைத்தளம் கிடைத்தால் நோயாளி வரக்கூடாது என்றார்கள், நோயாளி வரலாம் என்றால் தரைத்தளம் இல்லை. அம்மா வருகிறவர்களுக்கு ஏப்ரலுக்கு மேல் தேதி கொடுப்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் இங்கே புது வாடகைச் சட்டம் வந்தது. வாயால் பேசி வாடகைக்கு விட்ட வீடெல்லாம் மார்ச் கடைசிக்குள் எழுத்தில் பதிவாக வேண்டும். பதிவு செய்த குடித்தனக்காரரை ஆறு மாதம் முன்னாலேயே காரணம் எழுதிக் கொடுக்காமல் கிளப்ப முடியாது, ஒரு நாள் முன்னால் சொல்லாமல் வீட்டுக்காரர் உள்ளே வர முடியாது, ஒழுகுகிறது உடைந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் பதினான்கு நாளில் சரிசெய்ய வேண்டும். வீட்டுக்காரருக்கும் பாதுகாப்பு உண்டு, காலம் முடிந்தும் போகாமல் சட்டம் பேசுகிறவரை அறுபது நாளில் வெளியேற்றித் தருவார்கள், முன்னே மாதிரி பேரன் காலம் வரைக்கும் வழக்கு நடக்காது. எனக்கு இது நியாயமாகப் பட்டது. லிஃப்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று எழுதி ஒட்டினால் சண்டை இல்லை, ஒட்டாவிட்டால் கடைசியாக ஏறியவர்தான் குற்றவாளி. பதியாத வீட்டுக்காரருக்கு அபராதம் என்பதால் ஆணி மாமாவும் உடனே கிளம்பி வந்தார். நாம் காலி செய்யப்போகிறோம், இது சும்மா ஒரு சடங்கு என்று அவர் நினைப்பு. பதிந்துவிட்டால் ஆறு மாதம், அதற்குள் அவர் மனசும் மாறலாம் என்பது என் நினைப்பு.

படிவத்தில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்றில் வாடகை விடுநர், இன்னொன்றில் வாடகை பெறுநர். நான் நின்ற வாக்கிலேயே நாலு நிமிடத்தில் நிரப்பினேன். மாதாமாதம் வாடகையைப் பெறுகிறவர் யார், மாமா, ஆகவே அவர் பெறுநர். கையில் இருப்பதை விடுகிறவர் யார், நாம், ஆகவே நான் விடுநர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றேன். அம்மா என் தோளுக்குப் பின்னாலிருந்து, “வீட்டை விடுறவர்தாங்க விடுநர், வாடகைக்குப் பெறுறது நாமதானே, எதுக்கும் கேட்டுட்டு எழுதுங்க” என்றாள். தமிழ் எனக்கும் தெரியும் என்றேன். மாமா கண்ணாடியை மாடியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார், இன்ஜினியர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். மேலுக்கும் கீழுக்கும் கதவு எண் ஒன்றே என்பதால் முழு வீடும் பதிவாகிவிட்டது. மார்ச் 2ஆம் தேதி சான்றிதழ் வந்தது. ஆணி மாமா தன் மனைவியோடு என் வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறாராம்.

ஓடினேன். கவுன்ட்டரில் இருந்த அம்மையார் சான்றிதழைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்லை, உங்களோடு நாற்பத்தொரு பேர் என்றார். அவசரத்தில் படிக்காதவர்கள் நிறையப் பேர் தப்பு செய்திருப்பார்கள் போல என்று நான் சமாளித்தேன். “எல்லாரும் படிச்சவங்கதான் சார். படிக்காதவங்க எங்கிட்ட கேட்டுட்டு எழுதுறாங்க” என்றார். திருத்தலாம், ஆனால் முப்பது நாளுக்குள் இரண்டு பேரும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட வேண்டும், அதுவரைக்கும் குடித்தனக்காரருக்கான பாதுகாப்பு முழுவதும் மாமாவுக்குத்தான், உங்களுக்கு ஒன்றும் கிடையாது என்றும் சொன்னார். அதாவது அம்மாவின் முன்னறை மொத்தமும் ஆணி மாமாவின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருடத்தில் அவர் மணி அடித்தது அதுதான் முதல் தடவை. வாசலுக்கு வெளியே, மிதியடியைக்கூட மிதிக்காமல் நின்றுகொண்டு, வாடகைக்காரன் வந்திருக்கிறேன், ஐயா உள்ளே வரலாமா என்றார். சட்டப் புத்தகத்தை அவர் மனைவி, நம் மாடி அத்தை, வரிவரியாகப் படித்துக் காட்டியிருக்கிறார், அதிலிருந்து மனிதருக்குப் புது ரத்தம் பாய்ந்த மாதிரி இருக்கிறது. ஒரு தாளை நீட்டினார். நம் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, குளியலறை ஜன்னல் சாத்தவில்லை, பின்சுவரில் ஈரம், பதினான்கு நாளில் சரிசெய்து தரவும் என்று எழுதி, கீழே பெறுநர் என்று கையெழுத்து. இதே குழாயைத்தானே மூன்று வருடமாக உங்களிடம் நான் கெஞ்சினேன் என்றேன்.

“அது நான் வீட்டுக்காரனா இருந்தப்போ.”

திருத்தத்துக்குக் கையெழுத்துக் கேட்டேன். நீங்கள் காலி செய்த மறுநாள் பத்துக் கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன் என்று மாடிப்படி ஏறிவிட்டார். உன்னிடம் மறைப்பானேன், எனக்கும் கொஞ்சம் பைத்தியம் பிடித்தது. அன்று சாயங்காலம் கட்டிலை நகர்த்தும்போது சுவரில் ஒரு கோடு விழுந்ததற்கு அம்மாவைப் பார்த்து, வீடு கட்டினவனுக்குத்தான் அதன் வலி தெரியும் என்று கத்தியிருக்கிறேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்த வீட்டைக் கட்டினீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

பிறகு அவளே ஒரு தாள் எடுத்தாள். விடுநர் தரப்பில் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மாடி வீடு பார்வையிடப்படும் என்று எழுதி, ஒரு நாள் முன்னாலேயே கதவிடுக்கில் சொருகிவிட்டாள். சொன்ன நேரத்துக்கு நம் வீட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில், ஏறினாள். நான் அவளுக்குப் பின்னால். மாமா மறுக்க முடியாமல் கதவைத் திறந்துவிட்டு நின்றார். கூடத்துச் சுவரில் அவள் விரல் வைத்து ஒன்று இரண்டு என்று உரக்க எண்ண ஆரம்பித்தாள், நாற்பத்துமூன்று வரைக்கும் போனது. மாமா, அதில் பாதி காலண்டர் என்று முனகினார். நாற்பத்துநான்காவது உள்ளறைக் கதவுக்கு மேலே இருந்தது, அதை எண்ணத் தலையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே அத்தை ஸ்டூல் மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. ஐந்து மாதமாக அவர் கீழே வராததை நாங்கள் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அம்மா டார்ச்சைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்து அந்தக் காலை மெதுவாக மடக்கிப் பார்த்தாள்.

சொந்தத்துக்குத் தேவை என்றாரே, அந்தச் சொந்தம் இதுதான். அத்தைக்குப் படி ஏற முடியவில்லை, கீழ் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்று மாமா முடிவு செய்திருக்கிறார். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சொன்னால் நீங்கள் இரக்கப்பட்டுக் காலி செய்வீர்கள், எனக்கு இரக்கத்தில் எதுவும் வேண்டாம், வீட்டுக்காரனாகவே கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று மனசுக்குள் நினைத்திருந்தாராம். அத்தை அவரைப் பார்த்துச் சொன்னார்.

“கீழ் வீட்டுக்குப் போகணும்னு நான் எப்பங்க சொன்னேன்? கீழே போகணும்னுதான் சொன்னேன்.”

காற்றும் வெளிச்சமும் உள்ள தன் மாடியை விட்டு அவருக்கு எங்கேயும் போக வேண்டாம். தெருமுனை வரைக்கும் போய் நாலு மனுஷரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். அந்த அறையில் இருந்த இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தோம். நான் ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்தேன், அவர் ஒரு வார்த்தையைத் தப்பாகக் கேட்டார், நடுவில் உன் அம்மா ஊரெல்லாம் வீடு தேடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கம்பெனி கிடங்கில் ஒரு படிநாற்காலி கிடந்தது. படியோரமாகத் தண்டவாளம் பதித்து, உட்கார்ந்தவரை ஏற்றி இறக்குமே, அது. ஒரு கட்டடத்தில் முழு லிஃப்ட் வைத்தபோது கழற்றியது, மேலாளரிடம் கேட்டேன், எடுத்துத் தொலை என்றார். படியில் இருபத்தாறு துளை போட வேண்டும் என்று மாமாவிடம் அனுமதி கேட்டால், மனிதர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், அதை வீட்டுக்காரரிடம் கேளுங்கள் என்றார். ஆகவே எனக்கு நானே அனுமதி எழுதிக்கொடுத்துத் துளைத்தேன். வெள்ளிக்கிழமை ராட்சதச் சத்தம், அம்மா வைத்தியத்தை எல்லாம் தள்ளிப்போட்டாள். இரும்புக் கம்பிக்கட்டைப் போட்டு மூன்று தரம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் நேற்று மதியம் அத்தையை உட்கார வைத்தேன். பதினெட்டுப் படிக்கு ஒன்றரை நிமிடம். மாமா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே இறங்கினார், விழுந்திருந்தால் அவர்தான் விழுந்திருப்பார். கீழே வந்ததும் பயமாக இருந்ததா என்று கேட்டார். “உங்க ஸ்கூட்டர் பின்னாடி முப்பது வருஷம் உக்காந்தவ நான்” என்று சொல்லிவிட்டு அத்தை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். தெருமுனைக்குப் போய்வர நாற்பது நிமிடம். விடுநரும் பெறுநரும் கேட்டில் சேர்ந்து நின்றோம். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் புகார்த் தாளின் பின்பக்கத்திலேயே, காலி செய்யச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், திருத்தத்துக்கும் வருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, ஆனால் அந்த மூன்று புகாரும் அப்படியே நிற்கிறது என்றார். சாயங்காலம் அம்மா தோள் வலிக்காரர் ஒருவருக்கு மே 4ஆம் தேதி கொடுத்ததை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு எழுதுகிறேன்.

உன் ஒப்பந்த விஷயம். முதலில் அதில் யாருக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அறைக்காரம்மாவிடமே வாய்விட்டுக் கேள், கேட்டால் கௌரவம் குறையாது. உள்ளே போகும் நாளில் சுவர், குழாய், பூட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து வை. சாவி எத்தனை, யார் யாரிடம் என்று எழுதி வாங்கு. அந்த அம்மாவுக்கும் ஒரு வலி இருக்கலாம், எடுத்த எடுப்பில் சட்டம் பேசாதே. நான் நேரில் வந்து பேசலாம்தான், ஆனால் உன்னைச் சேர்க்க வந்தபோதே விடுதிக் காப்பாளர் என்னைப் பார்த்து, தம்பி நீ போய் அப்பாவைக் கூட்டிட்டு வா என்றாரே, இருபது வயதில் தகப்பனானால் இதுதான் கதி. நீயே பேசு, உனக்கு என்னைவிடப் பொறுமை ஜாஸ்தி, அது அம்மா கொடுத்தது.

எங்கே இருந்தாலும் உன் தலைக்கு மேல் ஒழுகாத கூரையும், உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள கதவும் அமையட்டும். அப்பா அம்மா இரண்டு பேரின் ஆசியும் அதற்கு உண்டு. புதன்கிழமை போன் பண்ண மறக்காதே, போன வாரம் மறந்தாய்.

இப்படிக்கு,
செவ்வாய்க்கிழமை வரை வாடகை விடுநர்,
எப்போதும் உன் அப்பா.

பின்குறிப்பு: நான் செய்யப்போவது.

1. இன்று ஒன்பது மணிக்குக் குழாய். வாஷர் வாங்கி வைத்தாயிற்று. சட்டப்படி இன்றைக்கு அது என் குழாய்.

2. நாளை குளியலறை ஜன்னல். ஈரச் சுவரை மட்டும் மாமா வீட்டுக்காரர் ஆன பிறகு அவர் தலையில் கட்டுவது.

3. உன் ஆறு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினால் முதலில் அம்மாவைப் படிக்கச் சொல்வது, பிறகு நான்.

4. விடுநர், பெறுநர் இரண்டையும் தூக்கிவிட்டு வீட்டுக்காரர், குடியிருப்பவர் என்று அச்சடிக்கச் சொல்லிப் பதிவு அலுவலகத்துக்கு ஒரு மனு. மாமா முதல் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

5. செவ்வாய் காலை பத்து மணிக்குத் திருத்தம். படிவத்தை அம்மா நிரப்புவாள். நான் வரிசையில் இடம் பிடிப்பேன்.